வடிகால் இருக்கிறது, தண்ணீரும் நிற்கிறது: சென்னைத் தெருக்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

அக்டோபர் பிறந்தால் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரே மாதிரி போன்தான் வரும். "சார், போன வருஷம்தான் வடிகால் கட்டினாங்க. இப்பவும் முழங்கால் தண்ணி." முதலில் எங்கள் தெருவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். தெருவுக்குத் தெரு கோளாறு வேறாக இருந்தாலும் தேடும் வரிசை ஒன்றேதான். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை கிலோமீட்டர் வடிகால் கட்டினார்கள், எத்தனை கோடி செலவானது என்பதை வைத்துத் திட்டத்தை எடை போட முடியாது. இந்தத் தெருவில் விழுந்த தண்ணீர் எந்த வழியாகப் போய், எவ்வளவு நேரத்தில், எங்கே சேர்கிறது? இதற்கு வார்டு பொறியாளரால் பதில் சொல்ல முடிந்தால் அங்கே திட்டம் இருக்கிறது. முடியாவிட்டால் இருப்பது வெறும் கான்கிரீட் பெட்டி.

## ஆரம்பிப்பதற்கு முன்

கையில் ஒரு அளவு டேப், சாக்பீஸ், ஒரு நீளக் குச்சி, போன். அவ்வளவு போதும். தெருவை மூன்று தடவை பார்க்க வேண்டும்: மழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒரு காய்ந்த நாளில், மழை பெய்துகொண்டிருக்கும்போது, மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உண்மை தெரிவது அதில்தான்.

தண்ணீர் நிற்கும்போது காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். அரை மணிக்கு ஒரு கோடு. 9:00, 9:30, 10:00 என்று கோடுகள் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் தண்ணீர் மெதுவாகவாவது வடிகிறது. எல்லாக் கோடும் ஒரே இடத்தில் விழுந்தால் எங்கோ அடைத்திருக்கிறது. மழை நின்ற பிறகும் கோடு மேலே ஏறினால் வேறு எங்கிருந்தோ தண்ணீர் உங்கள் தெருவுக்கு வருகிறது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அன்று எவ்வளவு பெய்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால்தான் கனமழை என்கிறது. 20, 30 மி.மீ. மழைக்கே தெரு நிரம்பினால் அது பராமரிப்புக் கோளாறு, சமாதானம் சொல்ல இடமில்லை. 2015 டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் பெய்ததுபோல 49 செ.மீ. கொட்டினால் எந்தத் தெரு வடிகாலும் தாங்காது. அதற்கு வார்டு உதவிப் பொறியாளரைத் திட்டிப் பயனில்லை.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். ஒரு கிரவுண்டு நிலம் என்பது சுமார் 223 சதுர மீட்டர். அதில் 50 மி.மீ. பெய்தால் 11,000 லிட்டருக்கு மேல் வருகிறது, ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி. ஐம்பது வீடு உள்ள தெருவில் எல்லோரும் மொட்டைமாடிக் குழாயைத் தெருவில் விட்டால் ஐம்பது லாரி. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். வடிகாலைக் குறை சொல்லும் முன் நம் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

செய்யக்கூடாதவை. தெருவோர மின் பெட்டியைத் தண்ணீர் தொட்டுவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் மற்றது. மேன்ஹோல் மூடியை நீங்களே திறக்காதீர்கள், அவசரம் என்று யாரையும் கூலிக்கு உள்ளே இறக்கவும் செய்யாதீர்கள். மழைநீர் வடிகால் என்று பெயர்தான், உள்ளே கழிவுநீர் வாயு இருக்கும். பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

## அறிகுறி 1: தெருவில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் காலியாக இருக்கிறது

அடிக்கடி வரும் கோளாறு இது. நல்ல செய்தியும் இதுதான், ஏனென்றால் பெரும்பாலும் செலவில்லாமல் தீரும்.

முதலில் உள்வாங்கியைப் பாருங்கள். நடைபாதை ஓரத்தில் இருக்கும் கம்பி வலை அல்லது துவாரம். இலை, பால் கவர், தெர்மாகோல், இளநீர் மட்டை எல்லாம் அங்கேதான் சேரும். மழை நேரத்தில் குச்சியால் தள்ளிப் பாருங்கள். சரசரவென்று இறங்கினால் கதை முடிந்தது. இனிமேல் மழை எச்சரிக்கை வரும் நாளில் யாராவது ஒருவர் அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். துப்புரவுப் பணியாளர் தெருவைப் பெருக்கிக் குப்பையை அந்தத் துவாரத்துக்குள்ளேயே தள்ளுகிறாரா என்றும் ஒரு காலை கவனியுங்கள். சில தெருக்களில் ஆண்டு முழுவதும் அதுதான் நடக்கிறது.

வலை சுத்தமாக இருந்தும் இறங்கவில்லையா? உள்ளே ஒரு சின்னத் தொட்டி இருக்கும், வண்டலைப் பிடித்து வைக்க. வலை வழியாகக் குச்சியை விட்டுப் பாருங்கள். ஒரு ஜாண் கூட இறங்காமல் சேற்றில் நின்றால் தொட்டி நிரம்பிவிட்டது. மாநகராட்சியின் புகார் எண் 1913க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். "வடிகால் அடைப்பு" என்று பொதுவாகச் சொல்லாமல், "கதவு எண் இன்னதுக்கு எதிரே உள்ள வண்டல் தொட்டி நிரம்பியுள்ளது" என்று சொல்லுங்கள். ஆள் நேராக அங்கே வருவார்.

தொட்டியும் சுத்தமா? இப்போது டேப்பை எடுங்கள். காய்ந்த நாளில், உள்வாங்கியிலிருந்து நாலு அடி தள்ளிச் சாலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். வலையை நோக்கி ஓட வேண்டும். எதிர்ப்பக்கம் ஓடினாலோ குட்டையாக நின்றாலோ மட்டம் தப்பு. வடிகாலை முதலில் கட்டி, சாலையைப் பிறகு போட்டால், அல்லது இரண்டையும் வெவ்வேறு ஒப்பந்ததாரர் பார்த்தால், இது சகஜம். சாலை இரண்டு அங்குலம் தாழ்ந்தாலே போதும், உள்வாங்கி மேட்டில் நிற்கும்.

உள்வாங்கியின் வாயை இறக்கி வைப்பது சின்ன வேலை, வார்டு அளவிலேயே முடியும். சாலையின் சரிவையே திருத்த வேண்டுமென்றால் மண்டல அலுவலகம் வரை போக வேண்டும். வடிகாலின் மேல்மட்டமே சாலையைவிட உயரமாகக் கட்டப்பட்டிருந்தால் அது கட்டுமானத் தவறு. அந்த இடத்தில் நீங்கள் நிறுத்திக்கொண்டு, மட்டக் கருவி வைத்து அளக்கச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள்.

## அறிகுறி 2: வடிகால் நிரம்பித் தண்ணீர் மேலே பொங்குகிறது

இங்கே உங்கள் தெருவில் நின்றுகொண்டு பார்த்துப் பயனில்லை. தண்ணீர் போகும் திசையில் நடக்க வேண்டும்.

ஒவ்வொரு உள்வாங்கியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போங்கள். நிரம்பியிருக்கிறது, நிரம்பியிருக்கிறது, நிரம்பியிருக்கிறது, திடீரென்று ஒன்றில் தண்ணீர் கீழே கிடக்கிறதா? நிரம்பிய கடைசித் தொட்டிக்கும் தாழ்ந்த முதல் தொட்டிக்கும் நடுவில்தான் அடைப்பு. அந்த இரண்டு கதவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெட்டிங் லாரி (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பு நீக்கும் லாரி) வரும்போது இந்தத் தகவல் இல்லாவிட்டால் தெரு முனையில் நாலு மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த இடைவெளியில் என்ன இருக்கலாம்?

வண்டல், கட்டட இடிபாடு. பக்கத்தில் வீடு கட்டும் வேலை நடந்திருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். சிமெண்ட் கலவை கழுவிய தண்ணீர் வடிகாலுக்குள் போய் இறுகிவிடும். ஜெட்டிங் லாரியின் தண்ணீர் வேகத்துக்கு அது அசையாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

குறுக்கே போகும் குழாய்களும் கேபிள்களும். குடிநீர்க் குழாய், மின் கேபிள், இணையக் கேபிள் எல்லாம் வடிகால் சுவரை ஓட்டை போட்டு உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறும். குழாயில் ஒரு சாக்குப்பை மாட்டினால் போதும், அணை தயார். இதை ஒருவர் மட்டும் தீர்க்க முடியாது. கேபிள் யாருடையது என்று கண்டுபிடித்து, மாநகராட்சி அவர்களுக்கு எழுதி நகர்த்த வேண்டும்.

விடுபட்ட இணைப்பு. எனக்கு மிக எரிச்சல் தருவது இதுதான். இந்தப் பக்கம் வடிகால் வரும், அந்தப் பக்கமும் இருக்கும், நடுவில் ஒரு மரமோ மின் பெட்டியோ நிலத் தகராறோ வந்து பத்து மீட்டர் கட்டாமல் விட்டிருப்பார்கள். இரண்டு ஒப்பந்தத்திலும் "வேலை முடிந்தது" என்றே இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: நடைபாதையில் வடிகால் மூடிகள் ஒரே சீராக வந்துகொண்டிருந்து ஓரிடத்தில் காணாமல் போகும். படம் எடுத்து, இரண்டு முனையின் இருப்பிடத்தையும் போன் வரைபடத்தில் குறித்து அனுப்புங்கள். மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சாலைகளில் வடிகாலைத் தற்காலிகமாகத் திருப்பிவிட்டிருப்பார்கள். அங்கே பழைய இணைப்பைத் திரும்பக் கொடுத்தாயிற்றா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கால்வாய் வரை நடந்தும் எல்லாமே நிரம்பியிருக்கிறதா? வடிகால் கால்வாயில் விழும் வாயைப் பாருங்கள். இரண்டு வகை உண்டு.

வாய் வெளியே தெரிகிறது, ஆனால் ஆகாயத்தாமரையும் குப்பையும் மூடியிருக்கிறது என்றால் கால்வாய் தூர்வாரப்படவில்லை. ஓட்டேரி நல்லா, மாம்பலம் கால்வாய், விருகம்பாக்கம் - அரும்பாக்கம் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு இடத்தில் இந்தக் காட்சி கிடைக்கும். 2021 நவம்பரில் தியாகராய நகர் நாள்கணக்கில் மிதந்தபோது மாம்பலம் கால்வாயில் பாதியில் கிடந்த வேலைதான் பெரிய பேச்சாக இருந்தது. மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் கீழே வாய் மூடியிருந்தால் இதுதான் கதி.

வாயே தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது என்றால் கால்வாயோ ஆறோ உங்கள் வடிகாலைவிட உயர்ந்துவிட்டது. உங்கள் தெருவில் யார் வந்து தூர்வாரினாலும் பயன் இல்லை. மழையே இல்லாமல் மட்டம் சுமார் ஆறு மணி நேரம் ஏறி, அடுத்த ஆறு மணி நேரம் இறங்கினால் கடல் ஓதம். ஏறியது இறங்காமல் நின்றால் செம்பரம்பாக்கத்திலோ புழலிலோ திறந்த தண்ணீர், அல்லது முகத்துவாரத்தில் மணல் அடைப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடல் ஆற்றுநீரை உள்வாங்காமல் நின்றதும் இப்படித்தான். இதற்குத் தேவை வடிகால் வாயில் ஒருவழிக் கதவும், கதவு மூடியிருக்கும்போது தண்ணீரை வெளியே தள்ள மோட்டாரும். இது நீர்வளத்துறையும் மாநகராட்சியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. கவுன்சிலர் வழியாகவும் சட்டமன்ற உறுப்பினர் வழியாகவும்தான் போக வேண்டும், 1913இல் தீராது.

## அறிகுறி 3: மழையே இல்லை, வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது

மே மாதத்தில் வடிகால் வறண்டு கிடக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் காரணம் மூன்றில் ஒன்று.

காலை ஏழு மணிக்கு அதிகமாகவும் மதியம் குறைவாகவும் ஓடி, சோப்பு நுரையும் நாற்றமும் இருந்தால் வீட்டுக் கழிவுநீர். யாரோ பாதாளச் சாக்கடைக்குப் பதில் வடிகாலில் இணைத்திருக்கிறார்கள். ஒருவேளை சாக்கடையே அடைத்துக்கொண்டு வடிகாலுக்குள் வழிகிறது. இரண்டுக்கும் கூப்பிட வேண்டியது மெட்ரோ வாட்டர் (குடிநீர், கழிவுநீர் வாரியம்), எண் 1916. பெரிய அடுக்குமாடி ஒன்று இரவில் மோட்டார் போட்டு விடுவதும் உண்டு. பத்து மணிக்கு மேல் ஒருநாள் போய் நின்றால் சத்தமே காட்டிக்கொடுக்கும். அக்கம்பக்கத்துக்காரர் என்பதால் இதில் எல்லோரும் தயங்குவார்கள். பெயர் சொல்ல வேண்டாம், எந்த இரண்டு உள்வாங்கிகளுக்கு நடுவில் கழிவுநீர் சேர்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாள் முழுக்க ஒரே அளவில், தெளிவாக ஓடினால் குடிநீர்க் குழாய்க் கசிவு, அல்லது எங்கோ அடித்தளம் தோண்டும் கட்டடத்திலிருந்து இறைத்துவிடும் நிலத்தடி நீர்.

ஓடாமல் தேங்கிக் கொசு மட்டும் வந்தால் வடிகாலின் அடிமட்டம் சரிவில்லாமல் அமைந்திருக்கிறது. கொசு மருந்து அடிப்பது தற்காலிகம். அடிமட்டத்தை அளந்து பார்க்க ஆள் வேண்டும்.

இந்த அறிகுறியை அசட்டையாக விடாதீர்கள். மே மாதத்திலேயே பாதி நிரம்பிய வடிகாலில் நவம்பர் மழைக்கு மீதிப் பாதி இடம்தான்.

## அறிகுறி 4: மழை நின்று ஒரு நாள் ஆகியும் பகுதி முழுவதும் தண்ணீர்

ஒரு தெரு அல்ல, நாலைந்து தெரு சேர்ந்து நிற்கிறது என்றால் பள்ளமான பகுதி. முதலில் கேட்க வேண்டியது: மோட்டார் வந்ததா, எங்கே இறைத்து விடுகிறது? இறைத்த தண்ணீர் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு அதே பள்ளத்துக்குத் திரும்பி வருவதை நேரில் பார்த்திருக்கிறேன். குழாய் முனை வரை நடந்து போய்ப் பாருங்கள்.

அடுத்தது பகுதியின் வெளிவழி. பழைய வாய்க்கால் இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர், ரயில் கரை, உயர்த்திய சாலை ஏதாவது வந்திருக்கிறதா? சாலைக்கு அடியில் சிறுபாலம் இருந்தால் அதன் அகலத்தை அளந்து, அதற்கு வந்து சேரும் வாய்க்காலின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். இருபது அடி வாய்க்கால் ஆறு அடிச் சிறுபாலத்துக்குள் நுழைகிறது என்று ஒரு வரி எழுதினால் எந்தப் பொறியாளரும் மறுக்க முடியாது.

மூன்றாவது, இடமே ஏரியாக இருந்ததா என்பது. வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலுக்கு இறங்குகிறது. இந்தப் பாதை குறுகக் குறுக, தெருவோர வடிகாலால் ஒன்றும் ஆகாது. இங்கே குடியிருப்போர் சங்கம் அளவில் செய்வது முடிந்துவிட்டது. நிலமட்ட வரைபடம் தயாரிக்கத் தெரிந்த நிபுணரோ பொறியியல் கல்லூரியின் நீர்வளப் பிரிவோ வேண்டும். பல தெருச் சங்கங்கள் பணம் சேர்த்துச் செய்தால் கட்டுப்படியாகும்.

இதற்கு நேர் எதிரான பகுதியும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணல் நிலத்தில் மழைநீர் தானே இறங்கிவிடும். அங்கே கான்கிரீட் வடிகால் எதற்கு என்று கோவளம் வடிநிலத் திட்டத்தை எதிர்த்துப் பகுதிவாசிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். தண்ணீர் நிற்காத தெருவில் வடிகால் கட்ட வந்தால் அதுவும் திட்டத்தின் கோளாறுதான்.

## அறிகுறி 5: தெரு காய்ந்துவிட்டது, வீட்டுக்குள் மட்டும் தண்ணீர்

சாலையை மேல்மேலே போட்டு உயர்த்தியதன் பலன். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலர் உத்தரவிட்டிருக்கிறார். உங்கள் தெருவில் வேலை ஆரம்பிக்கும் அன்று காலை, வீட்டு வாசற்படியிலிருந்து சாலை மட்டம் எவ்வளவு கீழே என்று டேப்பை வைத்துப் படம் எடுங்கள். முடிந்த பிறகு இன்னொரு படம். அதற்கு மேல் வாதாடத் தேவையில்லை.

தண்ணீர் கழிவறை வழியாக வந்தால் அது சாக்கடைத் தண்ணீர், மழைநீர் வடிகால் பிரச்சினை இல்லை. பிளம்பரைக் கூப்பிட்டு எதிர்த்துவராத வால்வு போடுங்கள்.

## அறிகுறி 6: "வேலை முடிந்தது" என்கிறார்கள், ஒன்றும் மாறவில்லை

இங்கே பார்க்க வேண்டியது காகிதம். தூர்வாரியதாகச் சொல்லும் தேதி செப்டம்பருக்கு முன்னாலா, மழை தொடங்கிய பிறகா? வாரிய சேறு எங்கே போனது? வடிகால் ஓரத்திலேயே குவித்து வைத்தால் முதல் மழைக்கு எல்லாம் உள்ளே திரும்பிவிடும், அதைத் தூர்வாரியதாக எடுத்துக்கொள்ள முடியாது. முன்னும் பின்னும் எடுத்த படம் இருந்தால் இரண்டிலும் அதே மரம், அதே சுவர் தெரிகிறதா என்று பாருங்கள்.

பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். "ஏன் தண்ணீர் நிற்கிறது?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் இல்லை. ஏற்கெனவே கோப்பில் இருக்க வேண்டியதைக் கேளுங்கள்:

- எங்கள் தெரு மழைநீர் வடிகாலின் வரைபட நகல், தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அடிமட்ட அளவு.
- இந்த வடிகால் எந்தக் கால்வாயில், எந்த இடத்தில் சேர்கிறது.
- கடந்த மூன்று ஆண்டுகளில் தூர்வாரிய தேதிகள், அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) சம்பந்தப்பட்ட பக்கங்களின் நகல்.
- ஒப்பந்ததாரரின் குறைபாடு நீக்கும் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது.

கடைசிக் கேள்விதான் முக்கியம். அந்தத் தேதி தாண்டாதவரை உடைந்த மூடியையும் தப்பான மட்டத்தையும் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தாண்டிவிட்டால் புதிதாக மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று அடுத்த மழையும் போய்விடும்.

1913இல் கொடுத்த புகார் வேலை நடக்காமலே "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டால், பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு, அன்றைய தேதி தெரியும் படத்தோடு மறுபடி பதியுங்கள். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் (வார்டுவாசிகள் கவுன்சிலரைச் சந்திக்கும் கூட்டம்) இந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கவுன்சிலரிடம் கொடுத்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். குறிப்பில் ஏறியதன் நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.